கலங்கிய காலத்தில் ஆட்களை வழிநடத்துவது: இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சங்கம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாருக்காக இதை எழுதுகிறீர்கள்?

தோட்டத்தில் ஏதாவது ஒரு பொறுப்பைத் தலையில் சுமப்பவர்களுக்காக. மரண உதவிச் சங்கத்தின் காரியதரிசி, மாதர் சங்கத் தலைவி, கோயில் கமிட்டிக்காரர், தோட்டத் தலைவர், பாடசாலை அதிபர், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்று யாராக இருந்தாலும் சரி. நான் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் 11 வருடம் மரண உதவிச் சங்கத்தின் காரியதரிசியாக இருந்தேன். இப்போது சுற்றுவட்டாரத்தில் சங்கம் நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன.

நல்ல காலத்தில் சங்கம் நடத்துவதற்கும் கெட்ட காலத்தில் நடத்துவதற்கும் அப்படியென்ன வித்தியாசம்?

நல்ல காலத்தில் சந்தேகம் வந்தால் யாரையாவது கேட்கலாம். கெட்ட காலத்தில் கேட்க ஆள் கிடைக்காது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்த இரவுகளை நினைத்துப் பாருங்கள். ரோட்டில் மண் விழுந்தது. கரண்ட் போனது. போனில் சத்தமே இல்லை. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல இடங்களில் மலை சரிந்தது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நேரத்தில் தோட்டத்து மனேஜர் துரையைக் கேட்டுச் சொல்கிறேன், கிராம சேவகரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று யாரும் காத்திருக்க முடியவில்லை. அங்கே இருந்தவர்கள்தான் முடிவெடுத்தார்கள்.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான். கலக்கம் வந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று இருக்காதீர்கள். எந்த அடையாளத்தைப் பார்த்தால், யார், என்ன செய்ய வேண்டும் என்பதை வெயில் அடிக்கிற ஒரு நாளில் எல்லாருமாக உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் இதைக் "கோடு போடுவது" என்று சொல்கிறோம். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால், காசு அந்தக் கோட்டுக்குக் கீழே போனால், அதற்கப்புறம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மழைக்கு எப்படிக் கோடு போடுவது?

இதில் நாம் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று மட்டங்களில் எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் செம்மஞ்சள், கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ சிவப்பு. அப்போது வீட்டில் இருக்கக் கூடாது.

ஆனால் ரேடியோவில் சொல்வது முழு மாவட்டத்துக்கும் பிரதேசத்துக்கும் சேர்த்துத்தான். மேல் கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) அடை மழையும் கீழ்க் கணக்கில் வெயிலும் ஒரே நாளில் இருப்பது நமக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஒரு மழைமானி இருக்க வேண்டும். கடையில் வாங்க வேண்டும் என்றில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக, அடி தட்டையாக இருக்கும் கண்ணாடிப் பாத்திரமோ தகர டின்னோ போதும். கழுத்துக் குறுகிய ஜாம் போத்தலை வைக்காதீர்கள், அளவு பிழைக்கும். மரத்தடியும் தாழ்வாரத்து ஓரமும் கூடாது, திறந்த இடம் வேண்டும். பாடசாலைப் பிள்ளையின் அடிக்கோலை உள்ளே விட்டு, தண்ணீர் எத்தனை மில்லிமீற்றர் நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் பெய்த மழை. அடிக்கோலில் பூச்சியம் நுனியிலிருந்து தொடங்குகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல அடிக்கோல்களில் நுனியில் கொஞ்சம் வெறும் இடம் இருக்கும்.

தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்து, கொப்பியில் எழுதி, கொட்டிவிட வேண்டும். அடை மழை என்றால் மணிக்கு ஒருதடவை பார்க்க வேண்டும், ஆனால் கொட்டக் கூடாது. ஒரு தோட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இந்த வேலையை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கொப்பியை நான் பார்த்தேன். மழை இல்லாத நாட்களிலும் "0" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பூச்சியங்களைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. சும்மா இருக்கிற நாளிலும் செய்தால்தான் ஆபத்தான நாளில் கை தானாகப் போகும்.

அளவு எதைச் சொன்னாலும் சில அடையாளங்களைக் கண்டால் உடனே இறங்க வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சுவரில் திடீர்க் கீறல், மரமோ கம்பமோ சாய்வது, தெளிவாக ஓடிய ஊற்றில் சேற்றுத் தண்ணீர், இல்லாத இடத்தில் புது ஊற்று, ஓடிய ஊற்று திடீரென்று நிற்பது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. போன் வேலை செய்தால் அதற்குச் சொல்லுங்கள், ஆனால் பதில் வரும் வரை வீட்டுக்குள் நிற்காதீர்கள்.

எச்சரிக்கை சொன்னாலும் சனம் வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது?

முதலில் அவர்களைக் குறை சொல்வதை நிறுத்த வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்த மீரியபெத்தையில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய் நிற்க இடம்தான் இல்லை. "போ" என்று சொல்கிறவர் "எங்கே" என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிப் பேச்சுத்தான்.

அப்புறம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ஒரு பாட்டி மூன்று தடவையும் வர மறுத்தார். எல்லாரும் அவரைப் பிடிவாதக்காரி என்றார்கள். மாதர் சங்கத்து அக்கா ஒருவர் ஒரு நாள் அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. பின்னால் ஒரு பசு கட்டியிருக்கிறது. அதன் பால்தான் அவருக்கு மாதச் செலவு. கயிற்றை அவிழ்க்காமல் விட்டுப்போனால் மாடு செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் யாராவது பிடித்துப் போய்விடுவார்கள் என்று பயம். அந்த லயத்து இளைஞன் ஒருவனிடம் அந்த மாட்டின் பொறுப்பைக் கொடுத்தார்கள். "மழை சிவப்பானால் மாட்டை நான் மேல் கிரவுண்டுக்கு ஓட்டுகிறேன், ஆயா" என்று அவன் நேரில் போய்ச் சொன்னான். அதற்கப்புறம் வந்த பெருமழையில் லயத்திலிருந்து முதலில் இறங்கியது அந்தப் பாட்டிதான்.

இந்த மாதிரி விஷயங்கள் பெண்களுக்குத்தான் தெரியும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், எந்தப் பிள்ளைக்கு இழுப்பு, எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வீட்டு ஆம்பிளை இரவில் குடித்துவிட்டு எழும்ப மாட்டார் என்பதெல்லாம் கொழுந்து மலையில் பேசப்படுகிற விஷயங்கள். கமிட்டியில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து போட்ட பட்டியலில் இதில் ஒன்றுகூட இருக்காது. பெண்களைப் பெயருக்கு ஒரு கதிரையில் உட்கார வைத்துவிட்டு நாம் பேசிக்கொண்டிருந்தால் பிரயோசனமில்லை. பட்டியலையே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

போன் வேலை செய்யாவிட்டால் எப்படிச் செய்தி சொல்வது?

தப்பு மேளம் இருக்கிறதே! விடியற்காலையில் தப்படித்துப் பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஆள் கூட்டிய ஊர்தான் இது. கோயில் மணியும் உண்டு. ஆனால் ஒரு விஷயம் முக்கியம்: ஆபத்துக்கான அடி, சாவுத் தப்பிலிருந்தும் திருவிழாத் தப்பிலிருந்தும் காதில் பட்டதும் பிரித்துத் தெரிய வேண்டும். உங்கள் தோட்டத்துத் தப்புக்காரர்களிடமே கேளுங்கள், அவர்கள் ஒரு அடியைச் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அடித்துக் காட்டி, எல்லாரையும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைசி லயத்துக்குச் சத்தம் கேட்கிறதா என்று அங்கே ஒருவரை நிறுத்திப் பாருங்கள். மழைச் சத்தத்தில் தகரக் கூரைக்குக் கீழே கேட்காது. அந்த வீடுகளுக்குக் கதவைத் தட்ட ஆள் வைக்க வேண்டும்.

எழுத்து எட்டாத இடத்துக்குச் சத்தமும் பாட்டும் எட்டும் என்பது நமக்குப் பழைய பாடம். 1930களில் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய காலத்தில், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் சொல்ல வேண்டியதைப் பாட்டாகவே எழுதிப் பாடினார். கடதாசியில் கொடுத்திருந்தால் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது போயிருக்காது. பாட்டு லயம் லயமாகப் போனது.

கெட்ட செய்தியை எப்போது சொல்வது? சொன்னால் சனம் பயந்துவிடாதா?

இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவத்தைத்தான் சொல்ல வேண்டும். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

2022இல் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. செப்டம்பரில் கொழும்புக் கணக்குப்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நமக்கு மூன்று வேளையும் ரொட்டிதான், கோதுமை மா விலையோ பல மடங்கு ஏறியது. ஒரு வீட்டில் இரண்டு ரொட்டியை நாலாகப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அம்மா வெறும் தேத்தண்ணியோடு கொழுந்துக்குப் போனதை நானே பார்த்தேன்.

அப்படிப்பட்ட நேரத்தில் மரண உதவிச் சங்கத்துக்கு யார் சந்தா கட்டுவார்கள்? முதல் மாதம் பாதிப் பேர் கட்டவில்லை. இரண்டாம் மாதம் அதிலும் குறைந்தது. பொருளாளருக்கும் எனக்கும் மட்டும் இது தெரியும். "இப்போது சொன்னால் கட்டுகிறவர்களும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த மாதம் சரியாகிவிடும்" என்று நான்தான் சொன்னேன். கூட்டத்தையும் தள்ளிப்போட்டேன். மூன்றாம் மாதம் ஒரே கிழமையில் இரண்டு சாவு விழுந்தது. முதல் வீட்டுக்கு முழுத் தொகையும் கொடுத்தோம். இரண்டாவது வீட்டுக்குக் கொடுக்கக் கையில் பாதிகூட இல்லை. வருடக்கணக்காக ஒரு மாதமும் தவறாமல் கட்டிய குடும்பம் அது. சவப்பெட்டிக்குக் கடன் சொல்ல நான் டவுனுக்கு ஓடினேன். அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. "தெரிஞ்சிருந்தா நாங்க நகையை வச்சு ஏற்பாடு செஞ்சிருப்போமே, தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

காசு இல்லாதது என் பிழை இல்லை. அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது என் பிழை. சனத்துக்குப் பஞ்சமும் நோயும் புதிதில்லை, கெட்ட செய்தியைத் தாங்குவார்கள். தாங்க முடியாதது, தங்களுக்குத் தெரியாமல் யாரோ தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதுதான்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் கூட்டம் போட்டு, கணக்குப் புத்தகத்தை விரித்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். அன்றைக்கே மூன்று முடிவு எடுத்தோம். சாவு வீட்டுக்குக் கொடுக்கும் தொகையைத் தற்காலிகமாகக் குறைப்பது. காசு கட்ட முடியாதவர்கள் விறகு, உழைப்பு, சமையல் என்று பங்கு கொடுத்தால் அதைச் சந்தாவாகக் கணக்கில் எழுதுவது. கையிருப்பு இரண்டு சாவுக்குக் கொடுக்கும் தொகைக்குக் கீழே போனால், யார் கேட்கிறார்களோ இல்லையோ, அந்தக் கிழமையே கூட்டம் போடுவது. மூன்றாவதுதான் காசுக்கு நாங்கள் போட்ட கோடு. அந்தச் சங்கம் இன்றைக்கும் நடக்கிறது.

கணக்கை எல்லாருக்கும் காட்டுவது எப்படி? எல்லாருக்கும் வாசிக்கத் தெரியாதே.

சத்தமாக வாசியுங்கள். மாதம் ஒருதடவை, சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிறு. வந்தது, போனது, இருப்பது என்று மூன்றே தொகை. வங்கிப் புத்தகம் ஒருவரிடமும் ரசீதுப் புத்தகம் இன்னொருவரிடமும் இருக்கட்டும். காசு எடுக்க இரண்டு கையெழுத்து. அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.

எந்தக் கடதாசியில் கையெழுத்துக் கேட்டாலும் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு எப்படிப் புதிதாக ஒன்றைச் செய்வது?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1948இல் ஒரு சட்டம் வந்தது, பிறந்த மண்ணில் இருந்துகொண்டே நம் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. 1988இலும் 2003இலும் சட்டங்கள் வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்தது. இதெல்லாம் கடதாசியில்தான் நடந்தது, அந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது என்று யாரும் நம் தாத்தா பாட்டிகளுக்கு உட்கார்ந்து விளக்கவில்லை. எங்கள் அப்பாயி சாகும் வரை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாக் கடதாசியையும் வைத்திருந்தார். எதற்கென்று தெரியாத துண்டுகளைக்கூட எறிய விட மாட்டார்.

அதனால் கையெழுத்து வாங்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். முதல் நாள் கடதாசியை வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். படித்த பேரப்பிள்ளை பார்க்கட்டும். இரண்டு நாள் கழித்துப் போங்கள். "போடாவிட்டால் என்ன ஆகும்" என்பதையும் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பெரும்பாலானவர்கள் இரண்டாம் தடவை போட்டுத் தருவார்கள். போடாதவரைக் கூட்டத்தில் பெயர் சொல்லி அவமானப்படுத்த வேண்டாம்.

நிலைமை மாறுகிறது, பழைய முறை இனிச் சரிவராது என்று தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடலாமா?

கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்குச் சாட்சி நம் கண்முன்னே நடந்த ஒன்று. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்தார்கள். மண்ணைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிழை இல்லை. ஆனால் எந்த மலையில் எப்போது கடைசியாக உரம் போட்டது, நிறுத்தினால் எத்தனை மாதத்தில் கொழுந்து குறையும் என்று களத்தில் நிற்கிற கங்காணிக்கும் கொழுந்து எடுக்கிற அக்காவுக்கும் தெரிந்திருந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள், ஆனால் செடிக்கு அது தெரியாதே. 2021இல் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறக்குறைய 250 மில்லியனுக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத மலையில் முழுப்பேருக்கு (முழு நாட்சம்பளத்துக்கு) கிலோ சேராமல் அரைப்பேர் போட்டுக்கொண்டு வந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இதே மண்ணில் நடந்திருக்கிறது. 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை 19 ஏக்கரில் மட்டும் தேயிலை போட்டுப் பார்த்தார். அப்போது எங்கும் காப்பிதான், காப்பியில் நல்ல காசு. இரண்டு வருடம் கழித்து, 1869இல், காப்பி இலையில் நோய் தெரிந்தது. பிறகு காப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தபோது, தேயிலை இங்கே வளரும் என்பதற்கு அந்த 19 ஏக்கர் சாட்சியாக இருந்தது. காப்பி அழிந்தபோது வேலையும் சோறும் இல்லாமல் அலைந்த நம் முன்னோரின் கதை அந்த வெற்றிக்குள் மறைந்து கிடக்கிறது, அதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் நல்ல காலத்திலேயே ஒரு சின்ன இடத்தில் புதியதைச் செய்து பார்ப்பது சரியான வழி. உங்கள் சங்கத்தில் புது முறை கொண்டுவர வேண்டுமா? ஒரே ஒரு லயத்தில் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். பிழைத்தால் ஒரு லயத்தோடு போகும்.

எங்கள் தோட்டத்தில் நாலு தொழிற்சங்கம். ஒரு சங்கத்துக்காரர் கூப்பிட்டால் மற்றவர் வர மாட்டார். எப்படி ஒன்று சேர்ப்பது?

ஒன்று சேர்க்கப் பார்க்காதீர்கள். சம்பளத்தில், தேர்தலில் அவரவர் சங்கம் அவரவருக்கு. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் போராட வேண்டியிருந்தது, 2021இல்தான் கிடைத்தது. அந்த வருடங்களில் ஏற்பட்ட மனத்தாங்கல் ஒரு கூட்டத்தில் போய்விடாது. ஆனால் சாவு வீட்டுக்கு எல்லாச் சங்கத்துக்காரரும் வருகிறார்கள். பாடை தூக்குகிறவரிடம் எந்தச் சங்கத்து அட்டை என்று யாரும் கேட்பதில்லை. அதனால் அந்த மாதிரி ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கமிட்டி போடுங்கள்: மழைக் கமிட்டி, தண்ணீர்க் கமிட்டி. அங்கே வேறு பேச்சு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கொடி, பெனர், யாருக்கும் மாலை, ஒன்றும் வேண்டாம்.

எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? தலைவர் என்று ஒருவர்தானே முடிவெடுக்க வேண்டும்?

நம்மிடம் இந்த எண்ணம் ஆழமாக இருக்கிறது. துரை சொன்னார், கணக்கப்பிள்ளை சொன்னார், கங்காணி சொன்னார், தலைவர் சொன்னார் என்று 200 வருடம் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். ஆபத்து நேரத்தில் ஒரு குரல் வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் குரல் அன்றைக்கு ஊரில் இல்லாவிட்டால்? எனக்குத் தெரிந்த ஒரு தலைவர் நல்ல மனிதர், திறமைசாலி, எல்லாவற்றையும் தானே பார்ப்பார். பெருமழை நாளில் அவர் மகளைப் பார்க்கப் போய் நாவலப்பிட்டியில் மாட்டிக்கொண்டார். இங்கே 40 குடும்பம் அவர் போனுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தது. கடவுள் புண்ணியத்தில் அன்று மண் சரியவில்லை.

எந்த முடிவுக்கும் வரிசையாக மூன்று பெயர் வையுங்கள். முதலாமவர் இல்லை என்றால் இரண்டாமவர், அவரும் இல்லையென்றால் மூன்றாமவர். மூவரில் ஒருவராவது பெண், ஒருவராவது 30 வயதுக்குக் கீழே. இரண்டாமவர் எடுத்த முடிவு பிழையாகப் போனாலும், முதலாமவர் திரும்பி வந்து அவரைச் சபையில் வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. தனியாகப் பேசிக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் அடுத்த தடவை யாரும் துணிந்து எழுந்து நிற்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியை எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது. அதைவிட முந்திக்கொள்ளத்தான் முடியும். ஆபத்து நாட்களில் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கட்டாயம் ஒரு செய்தி போடுங்கள், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும். "இப்போதைக்கு ரோடு மூடித்தான் இருக்கிறது, அடுத்த செய்தி மாலை 6 மணிக்கு" என்று ஒரு வரி போதும். எழுத்தோடு குரலையும் பதிந்து போடுங்கள், தெரிந்த குரலைச் சனம் நம்பும். உறுதியாகத் தெரியாததை உறுதி போலச் சொல்லாதீர்கள்.

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் உதவி அனுப்ப நினைக்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

அனுப்ப முதல் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அனர்த்தத்துக்குப் பிறகும் பழைய உடுப்பு மூட்டை மூட்டையாக வருகிறது, அதைப் பிரித்து அடுக்கவே பத்துப் பேர் வேண்டும். நமக்குத் தேவைப்படுவது வேறு: பால்மா, பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் உள்ளாடை, சுகாதாரத் துவாய், பிரஷர் குளிசை, டோர்ச், பாடசாலைக் கொப்பி. தோட்டத்தில் ஒருவரும் கொழும்பில் ஒருவருமாக இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளட்டும். பட்டியல் இங்கிருந்து போகட்டும். வந்த சாமானை யாருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கு அங்கே திரும்பிப் போக வேண்டும், அது மரியாதை. கடையிலும் கட்டடத்திலும் நின்று சம்பாதித்த காசு அது.

எனக்கே பயமாக இருக்கிறது. அதை வெளியே காட்டலாமா?

காட்டலாம். "எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஆனா இப்ப நாம செய்ய வேண்டியது இது" என்று சொன்ன ஒரு மாதர் சங்கத் தலைவியின் பின்னால் ஒரு லயமே நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தூங்காமல், சாப்பிடாமல் மூன்று நாள் நின்றுவிட்டு நான்காம் நாள் எல்லார் மீதும் எரிந்து விழக் கூடாது. இரண்டாமவரின் பெயர் பட்டியலில் இருப்பது இதற்கும் சேர்த்துத்தான். போய்ப் படுங்கள்.

சரி, இதையெல்லாம் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. முதலில் எதைச் செய்வது?

சாவியைத் தேடுங்கள். ஆபத்து என்றால் எங்கே போவது என்று கேட்டால் எல்லாரும் பாடசாலை, கோயில் மண்டபம் என்று சொல்வார்கள். அந்த இடத்துக்கு மேலே மலையில் வெடிப்பு இல்லையா என்று முதலில் உரியவர்களைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: அதன் சாவி இரவு 2 மணிக்கு யாரிடம் இருக்கும்? ஒரு தோட்டத்தில் நான் இதைக் கேட்டபோது, அதிபர் டவுனில் இருக்கிறார், காவலாளி லீவில், இன்னொரு சாவி எங்கோ ஸ்டோரில் இருக்க வேண்டும் என்றார்கள். மழையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

அன்று மாலையே அதிபரின் அனுமதியோடு மூன்று சாவி வெட்டினார்கள். ஒன்று பாடசாலைக்குப் பக்கத்து லயத்தில் பிள்ளைக்காம்பரா அக்காவிடம். ஒன்று கோயில் பூசாரியிடம். ஒன்று மேல் கணக்கில், அந்த மழைமானிக் கொப்பி எழுதும் பிள்ளைகளில் ஒருத்தியின் வீட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் சிவப்பு நூல் கட்டித் தொங்குகிறது.